மேலேயா, கீழேயா? மெட்ரோ நிலையம் கட்ட நான்கு வழிகள்: ஓர் ஒப்பீடு

மெட்ரோ வரப்போகும் தெருவில் குடியிருப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: நிலையத்தைத் தூண்மேல் வைக்கட்டும் என்று விட்டுவிடலாமா, பூமிக்கு அடியில் கொண்டுபோகச் சொல்லி மனு கொடுக்கலாமா? குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் 'கீழேதான்' என்ற தீர்மானம் எளிதாக நிறைவேறிவிடும். சுரங்க இயந்திரம் அடியிலேயே ஊர்ந்து போய்விடும், மேலே ஒரு கல்கூட அசையாது என்ற நம்பிக்கைதான் காரணம்.

பாதைக்கு அது ஏறக்குறைய உண்மை. நிலையத்துக்கு இல்லை. சென்னையில் டி.பி.எம். எனப்படும் அந்தச் சுரங்க இயந்திரம் போடும் குழாயின் உள்விட்டம் 5.8 மீட்டர். ஒரு ரயில் போக மட்டுமே அது காணும். சுமார் 140 மீட்டர் நீள நடைமேடை, டிக்கெட் தளம், எஸ்கலேட்டர்கள், குளிரூட்டும் அறைகள், ராட்சத மின்விசிறிகள் எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டியைப் பெரும்பாலான இடங்களில் தெருவைப் பிளந்துதான் இறக்க முடியும். அதனால் மேலேயா கீழேயா என்பதோடு கேள்வி நிற்பதில்லை. கீழே என்றால் எந்த முறையில் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஆக மொத்தம் நான்கு வழிகள்:

- தூண்மேல் நிற்கும் உயர்மட்ட நிலையம்
- குழியை முழுதாகத் திறந்து, அடியிலிருந்து மேலே கட்டிவரும் நிலையம்
- கூரையை முதலில் போட்டு, அதற்கடியில் தோண்டி இறங்கும் நிலையம்
- மேற்பரப்பைத் திறக்காமல் உள்ளேயே குடைந்து எடுக்கும் நிலையம்

## எதை வைத்து எடை போடுவது

தெருவின் அகலம். தார் போட்ட பகுதியை மட்டும் அளந்தால் ஏமாற்றம்தான். எதிரெதிர்க் கட்டடச் சுவர்களுக்கு இடையே அளக்க வேண்டும். உயர்மட்ட நிலையமும் சரி, சுரங்கப் பெட்டியும் சரி, 20 முதல் 22 மீட்டர் அகலம் கேட்கும். அதன் இருபுறமும் தீயணைப்பு வண்டி போக வழி, கிரேன் நிற்க இடம், கடைக்கு ஆள் வர நடைபாதை இவையெல்லாம் தனி.

மண்ணும் நிலத்தடி நீரும். சென்னையின் வடபகுதியில் மணலும் களிமண்ணும் மாறி மாறி வரும். கிண்டிப் பக்கம் போனால் சார்னோகைட் பாறை. முழுப் பாறையும் சமாளிக்கக்கூடியது, முழு மண்ணும் சமாளிக்கக்கூடியது. ஒரே குழியில் பாதி மண், பாதி பாறை என்று வரும்போதுதான் அட்டவணை சறுக்கும்.

மேற்பரப்பு பறிபோகும் காலம். நிலையம் எப்போது திறக்கும் என்பது ஒரு தேதி; சாலை எப்போது திரும்பக் கிடைக்கும் என்பது வேறு தேதி. இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

ஏறி இறங்கும் தூரம். பயணி தினமும் அனுபவிப்பது இதைத்தான். அவசரத்திலும் இதுதான் பேசும். உலகெங்கும் மெட்ரோ வடிவமைப்பாளர்கள் பின்பற்றும் அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதி 130-இன்படி, நடைமேடையில் உள்ள அத்தனை பேரும் 4 நிமிடத்தில் அதைவிட்டு நீங்க வேண்டும். 6 நிமிடத்தில் பாதுகாப்பான இடத்தை எட்ட வேண்டும். நிலையம் ஆழமாக ஆக, இந்த 6 நிமிடத்துக்காகவே படிக்கட்டுகளும் புகைத்தடுப்பு அறைகளும் பெருகும். 2003-இல் தென்கொரியாவின் தேகு நகரச் சுரங்க நிலையத்தில் வைக்கப்பட்ட தீயில் 192 பேர் இறந்தார்கள். புகை சூழ்ந்த இருட்டில் வழி தெரியாமல் போனது அதில் பெரிய பங்கு வகித்தது.

பணம். கட்டுமானத்தில் சுரங்க நிலையம் உயர்மட்ட நிலையத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகும். அதைவிட முக்கியம், திறந்தபின் வரும் மின்கட்டணம். அது நிலையம் உள்ளவரை நிற்காது.

## 1. உயர்மட்ட நிலையம்

சென்னையில் முதலில் ஓடியது இதுதான். 2009-இல் தொடங்கிய உயர்மட்டப் பணி, 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு – ஆலந்தூர் இடையே ரயிலாக ஓடியது. முதல் சுரங்கப் பகுதியான திருமங்கலம் – நேரு பூங்கா 2017 மே 14 அன்றுதான் திறந்தது. முதல் கட்டத்தின் கடைசித் துண்டு, டி.எம்.எஸ். – வண்ணாரப்பேட்டை, 2019 பிப்ரவரி 10 வரை இழுத்தது.

கட்டும் முறை எளிது. சாலை நடுவே தகரத் தடுப்பு வைத்து 8, 9 மீட்டர் அகலத்தை எடுத்துக்கொள்வார்கள். பைல் (நிலத்துக்குள் ஆழமாக இறங்கும் அடித்தூண்) துளைத்து, அதன்மேல் பைல் கேப் எனும் மூடுதளம், தூண், தூண்தலை என்று ஏற்றி, வேறிடத்தில் வார்த்த கர்டர்களை (பாதையைத் தாங்கும் விட்டங்களை) கொண்டுவந்து இரவில் தூக்கி வைப்பார்கள். தூண் முடிந்ததும் தடுப்பு சுருங்கும்; கீழே நிரந்தரமாகப் போவது சென்டர் மீடியனும் அதையொட்டிய சிறு பட்டையும்தான். வாகனங்களுக்கு 5.5 மீட்டர் உயரம் விட்டாக வேண்டும் என்பதால் டிக்கெட் தளம் சாலையிலிருந்து 6, 7 மீட்டர் மேலேயும், நடைமேடை 12, 13 மீட்டர் மேலேயும் அமையும். நான்கு மாடி ஏறும் உயரம் அது. 'மேலே இருப்பதால் ஏறுவது சுலபம்' என்று நினைத்தால் எஸ்கலேட்டர் பழுதாகும் முதல் நாளே தெரிந்துவிடும்.

பக்க நடைமேடை என்பது இதன் இன்னொரு குணம். தூண்மேல் இரண்டு தண்டவாளமும் ஒட்டிப் போவதால் நடைமேடைகள் இருபுறமும் ஒதுங்கும். தவறான பக்கம் ஏறிவிட்டால் இறங்கி மறுபடி ஏற வேண்டும். லிஃப்ட், எஸ்கலேட்டர், படி எல்லாமே இரட்டிப்பு. சுரங்கத்தில் இரண்டு குழாய்கள் விலகி வருவதால் நடுவே ஒரே நடைமேடை வைக்கலாம். அதனால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

இதன் பெரிய வரவு காற்று. நடைமேடையைக் குளிரூட்ட வேண்டாம், புகையை இழுக்கும் விசிறி வேண்டாம், பகலில் விளக்கும் குறைவு. கூரையில் சூரியத் தகடும் போடலாம்.

மறைந்திருக்கும் செலவுகள்:

- படிக்கட்டும் லிஃப்டும் இறங்கும் இடம். வரைபடத்தில் அது சாலையோரத்தில் நிற்கும். களத்தில் நடைபாதையை விழுங்கும். அதைத் தவிர்க்க இருபுறமும் தனியார் நிலம் கையகப்படுத்த வேண்டும். உயர்மட்ட நிலையங்களில் வழக்கு வருவது பாதி இங்கேதான்.
- நிலையத்தின் 140 மீட்டருக்கும் கீழே நிழல். கடைகளின் பெயர்ப்பலகையும் மறையும், இரண்டாம் மாடிச் சன்னலின் வெளிச்சமும் குறையும்.
- பிற்காலத் திட்டங்களுக்கு விழும் பூட்டு. அந்தச் சந்திப்பில் மேம்பாலம் வேண்டுமென்றால் இனி முடியாது. வடபழனியில் ஆற்காடு சாலை வழியாக வரும் இரண்டாம் கட்டப் பாதை, முதல் கட்டப் பாதைக்கும் மேலே ஏறிக் கடக்க வேண்டியதாயிற்று.
- கர்டர் தூக்கும் வேலை ஓடும் சாலைக்கு மேலே நடக்கிறது. 2025 ஜூனில் ராமாபுரம் அருகே கர்டர்கள் விழுந்து இருசக்கர வாகனத்தில் போன ஒருவர் இறந்தார். தூக்கும் நேரத்தில் சாலையை முழுக்க மூடுகிறார்களா என்பதைக் கேட்டுப் பெற வேண்டும்.

வெள்ளம் சுரங்கத்துக்கு மட்டுமே ஆபத்து என்ற நினைப்பும் சரியில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது பரங்கிமலை நிலையத்தின் வாசலில் தண்ணீர் சூழ்ந்து, பயணிகளை ஆலந்தூருக்குப் போகச் சொன்னார்கள். பரங்கிமலை உயர்மட்ட நிலையம். ரயில் மேலே நன்றாகத்தான் ஓடியது; ஆள் போய்ச் சேர வழியில்லை.

இது பொருந்துவது: கட்டடத்துக்குக் கட்டடம் 30 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள சாலை, நடுவே மீடியன், இருபுறமும் வணிகக் கட்டடங்கள்.

## 2. முழுதாகத் திறந்து அடியிலிருந்து கட்டுவது

மிகப் பழைய வழி. 1863-இல் திறந்த லண்டன் மெட்ரோபாலிட்டன் பாதை இப்படித்தான் வந்தது: சாலையை வெட்டு, செங்கல் வளைவு கட்டு, மூடு. 1896-இல் புடாபெஸ்டில் ஆன்ட்ராசி சாலைக்கு அடியில் போட்டதும் அப்படியே. அங்கே நிலையங்கள் சாலைக்குச் சில மீட்டர் அடியிலேயே இருப்பதால், நடைபாதையிலிருந்து சில படி இறங்கினால் நடைமேடை. ஏறி இறங்கும் தூரம் என்ற கணக்கில் அதை மிஞ்ச இன்றைக்கும் ஆளில்லை.

இந்தியாவுக்கு இதன் பாடத்தைச் சொல்லித்தந்தது கொல்கத்தா. 1972 டிசம்பரில் அடிக்கல் நாட்டிய பாதையில் 1984 அக்டோபர் 24 அன்று ஓடியது எஸ்பிளனேட் – பவானிபூர் இடையே 3.4 கிலோமீட்டர். இடைப்பட்ட ஆண்டுகளில் சௌரங்கி சாலை குழியும் மேடுமாகக் கிடந்தது.

இதில் ஒரு நன்மையைப் பலர் பேசுவதில்லை. நீர்த்தடுப்புப் படலத்தை அடித்தளம், சுவர், கூரை என்று விடாமல் சுற்றிப் போர்த்தலாம். கூரையை முதலில் போடும் முறையில் அது கடினம் என்பதால், ஒழுகாத நிலையம் வேண்டுமென்றால் இதுவே முதல் தேர்வு. வேலையும் வேகம், மண்வெட்டும் இயந்திரங்கள் திறந்த வெளியில் ஓடும்.

விலை, குழி முழுக்காலமும் திறந்தே கிடப்பது. சாலையின் நடுவில் இதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பேருந்து நிலைய மைதானம், பணிமனை, காலி அரசு நிலம் கிடைத்தால் தயங்காமல் இதையே எடுக்கலாம். பூங்காவைக் 'காலி நிலம்' என்று கணக்கில் எழுதும் வழக்கத்தை மட்டும் கவனிக்க வேண்டும்: சென்னை ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா மெட்ரோ பணிக்காக 2011-இல் மூடப்பட்டது. நிலையம் 2017-இல் திறந்தது. பூங்கா மக்களிடம் திரும்பி வர 2023 ஆயிற்று.

## 3. கூரையை முதலில் போட்டு இறங்குவது

மிலான் நகரில் 1964-இல் திறந்த முதல் மெட்ரோ பாதைக்காகச் செம்மைப்படுத்தியதால் 'மிலான் முறை' என்று பெயர். சாலையைச் சீக்கிரம் திருப்பித் தருவதற்காகவே பிறந்த வழி. சென்னையில் முதல் கட்டச் சுரங்க நிலையங்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவை. உங்கள் தெருவில் 'சுரங்க நிலையம்' என்று அறிவித்தால் அது இதுவாகவே இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் விரிவாகப் பார்ப்போம்.

1. முதலில் சோதனைக் குழி போட்டுக் கழிவுநீர்க் குழாய், குடிநீர்க் குழாய், மின் கேபிள், மழைநீர் வடிகால் எல்லாவற்றையும் பெட்டியின் எல்லைக்கு வெளியே மாற்றுவார்கள். பழைய தெருக்களில் எந்த வரைபடத்திலும் இல்லாத குழாய் கட்டாயம் வரும். அட்டவணையில் முதல் தாமதம் இங்கே.
2. சாலையில் பாதியை எடுத்துக்கொண்டு டி-வால் எனப்படும் நிலத்தடிச் சுவர். 0.8 முதல் 1.2 மீட்டர் தடிமன். 5, 6 மீட்டர் நீளப் பலகங்களாக, ஒன்றுவிட்டு ஒன்றாக. குழி சரியாமலிருக்க பென்டோனைட் எனும் களிமண் குழம்பு நிரப்பித் தோண்டி, கம்பிக் கூட்டை இரண்டு கிரேனால் இறக்கி, ட்ரெமி குழாய் வழியே அடியிலிருந்து கான்கிரீட் ஏற்ற வேண்டும். கான்கிரீட் ஏற ஏற பென்டோனைட் மேலே வழியும்.
3. நடுவே பைல் துளைத்து, அதில் எஃகுத் தூண்களை நிறுத்துவார்கள். பின்னால் தளங்களைத் தாங்கப் போவது இவை.
4. தரையையே பலகையாக வைத்துக் கூரைத் தளத்தை வார்ப்பார்கள். மண் வெளியேற்ற ஓரிரு திறப்பு மட்டும் விடுவார்கள்.
5. கூரைமேல் நீர்த்தடுப்பு, மண் நிரப்பு, தார். வண்டிகள் ஓடத் தொடங்கும்.
6. கூரைக்கடியில் தோண்டி டிக்கெட் தளம், மேலும் தோண்டி அடித்தளம். தளங்களே இரு சுவர்களையும் எதிரெதிராகத் தாங்கிப் பிடிக்கும்.
7. டி.பி.எம். நுழையும் இடத்தில் சுவரில் எஃகுக் கம்பிக்குப் பதில் கண்ணாடியிழைக் கம்பி வைத்திருப்பார்கள். இயந்திரம் அதை அறுத்துக்கொண்டு வரும்.

இதில் ஆறாவது படிதான் எல்லாரையும் சோதிக்கும். 220 மீட்டர் நீளம், 22 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆழம் என்று ஒரு பெட்டியை எடுத்தால், வெட்ட வேண்டிய மண் 82,000 கனமீட்டருக்குச் சற்று மேல். வெட்டியதும் மண் கால்பங்குக்கு மேல் உப்பும். 14 கனமீட்டர் டிப்பரில் ஏற்றினால் 7,500 நடை. பகலில் நகருக்குள் லாரி ஓட முடியாது. எல்லாம் இரவில், உங்கள் வீட்டு வாசல் வழியாக, ஒன்றிரண்டு திறப்பின் வழியே மட்டும்.

அடுத்தது மிதப்பு. நிலத்தடி நீர் 3 மீட்டரில் இருந்து பெட்டியின் அடி 17 மீட்டரில் இருந்தால், 14 மீட்டர் நீர் அழுத்தம், அதாவது சதுர மீட்டருக்கு 14 டன் மேல்நோக்கித் தள்ளும். கிணற்றில் அமுக்கிய வெறுங்குடம் மேலெழுவது போலப் பெட்டியும் எழப் பார்க்கும். கூரை 1 மீட்டர், டிக்கெட் தளம் அரை மீட்டர், அடித்தளம் 1.5 மீட்டர் எனக் கான்கிரீட் எடை 7.5 டன், மேலே 2.5 மீட்டர் மண் 4.75 டன். கூட்டினால் 12.25, போதவில்லை. 1 மீட்டர் தடிமனில் 25 மீட்டர் ஆழம் போகும் இரண்டு டி-வால்களின் எடையை அகலத்தால் வகுத்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5.7 டன் கிடைக்கும். மொத்தம் 18-ஐ நெருங்கும். இப்போது பெட்டி நிற்கும். ஆக டி-வாலும் அடித்தளமும் கப்ளர் (கம்பியோடு கம்பியை இணைக்கும் உறை) போட்டு உறுதியாகப் பிணைந்திருக்க வேண்டும். கம்பிக் கூட்டை இறக்கும்போது கப்ளர் ஒரு சாண் மேலே கீழே போனால் பிறகு சுவரைத் துளைத்துக் கம்பி ஒட்ட வேண்டிவரும். கூரையும் அதன்மேல் மண்ணும் முன்கூட்டியே வந்துவிடுவதால் மிதப்பு விஷயத்தில் இந்த முறைக்கு ஒரு சாதகம் உண்டு. அடியிலிருந்து கட்டும் முறையில் மேலே மண் நிரப்பும் வரை பம்பை நிறுத்தவே கூடாது.

கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்தவைதான். இரண்டு பலகங்கள் சேரும் இணைப்பில் நீர் கசியும். சுவரின் அடி நீர் புகாத அடுக்கில் ஊன்றாவிட்டால் அடிவழியே மணலும் நீரும் கொப்பளித்து, வெளியே சாலை அமுங்கும். டி.பி.எம். வேறொரு வகையில் அதே வேலையைச் செய்யக்கூடும்: 2017 ஏப்ரலில் அண்ணா மேம்பாலம் அருகே அண்ணா சாலை உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. உயிரிழப்பு இல்லாதது நல்லூழ். அண்ணா சாலை நிலையங்களில் ஒப்பந்ததாரர் பாதியில் விலகி, வேறொருவர் வந்து முடித்ததையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். கூரை போட்டபின் வேலை நின்றால் போக்குவரத்தாவது ஓடும்; அதற்கு முன்பே நின்றால் பாதிச் சாலை தகரத் தடுப்புக்குள் தூங்கும்.

செலவில் மறைந்திருப்பது இரண்டு முனைகளிலும் எழும் காற்றுக் கோபுரங்கள். குளிரூட்டிக் கோபுரம், மின்னாக்கி அறை, வாசல்கள் எல்லாம் சேர்த்துச் சாலைக்கு வெளியே கணிசமான நிலம் வேண்டும். சுரங்க விசிறிகள் 250 டிகிரிப் புகையிலும் ஒரு மணி நேரமாவது ஓட வேண்டும் என்பதால் அவற்றுக்கான இடம், மின்சாரம், மாற்று மின்சாரம் எதிலும் சிக்கனம் பார்க்க முடியாது. சென்னையின் சுரங்க நிலையங்களில் நடைமேடை விளிம்பில் தரையிலிருந்து மேல்வரை கண்ணாடிக் கதவு வைத்திருப்பது, ஆள் விழாமல் தடுப்பதோடு, குளிர்ந்த காற்று சுரங்கத்துக்குள் ஓடிவிடாமல் காப்பதற்கும்தான்.

இது பொருந்துவது: போக்குவரத்தை நிறுத்த முடியாத முக்கியச் சாலை, 20 மீட்டருக்குள் அடங்கும் ஆழம், மென்மண், உயர்ந்த நிலத்தடி நீர்.

## 4. குடைந்து எடுப்பது

மேலே பழைய கட்டடங்கள் நெருங்கி நின்று, அடியில் நல்ல பாறை இருந்தால் இது கைகொடுக்கும். ஒரு கிணறு இறக்கி, அதன் அடியிலிருந்து 1, 1.5 மீட்டராகக் குடைந்து, உடனே ஷாட்கிரீட் (பீய்ச்சி ஒட்டும் கான்கிரீட்) அடித்து, வலைக்கம்பியும் பாறை ஆணியும் போட்டு, பாறை எவ்வளவு அசைகிறது என்று அளந்துகொண்டே முன்னேறுவார்கள். புதிய ஆஸ்திரிய முறை என்று இதற்குப் பெயர். ஸ்டாக்ஹோமின் நீலப் பாதை நிலையங்களில் குடைந்த பாறையையே சுவராக விட்டு வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். பாறை அவ்வளவு தாங்கும்.

மும்பையின் 33.5 கிலோமீட்டர் மூன்றாம் பாதையில் கிர்காவ், கல்பாதேவி நிலையங்கள் இந்த வழியில் வந்தன. அடியில் பசால்ட் பாறை, மேலே நெருக்கடியான பழைய தெருக்கள். ஆனால் அங்கேயும் வாசலுக்கும் கிணற்றுக்கும் இடம் வேண்டி சில கட்டடங்களை இடித்து, குடியிருந்தவர்களுக்கு மறுகட்டுமானம் செய்து தரவேண்டி வந்தது. மேற்பரப்பைத் தொடாத நிலையம் என்று ஒன்று இல்லை.

மண் ஒத்துழைக்காத இடத்தில் என்னாகும் என்பதற்கு 1994 அக்டோபர் 21. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அடியில் களிமண்ணில் இதே முறையில் குடைந்துகொண்டிருந்த நிலையச் சுரங்கங்கள் இடிந்து, மேலே பெரும் பள்ளம் விழுந்தது. ஆட்கள் முன்பே வெளியேறியிருந்தார்கள். சென்னையின் வண்டலில், கடலோர மணலில் இதைக் கேட்டு மனு கொடுப்பது வீண். மண்ணைச் சிமென்ட் குழம்பு ஏற்றி இறுக்கவே ஒரு நிலையத்தின் பணம் போய்விடும்.

## அட்டவணையாக

| | உயர்மட்டம் | திறந்து கட்டுவது | கூரை முதலில் | குடைவது |
|---|---|---|---|---|
| தேவையான அகலம் | 30 மீ. முதல் | பெட்டி முழுதும் காலி நிலம் | 25–30 மீ., பாதி பாதியாக | கிணற்றுக்கும் வாசலுக்கும் மட்டும் |
| ஏற்ற மண் | எதுவும் | எதுவும். நீர் இறைக்க வேண்டும் | மென்மண், நீர் மிகுந்த இடம் | உறுதியான பாறை |
| சாலை இழப்பு | நடுப்பட்டை. கர்டர் ஏற்றும் இரவுகள் | முழுக்காலமும் | கூரை முடியும் வரை அதிகம் | குறைவு |
| நடைமேடை | 12–13 மீ. மேலே | ஆழம் குறைவாக வைக்கலாம் | 14–18 மீ. கீழே | 20 மீ. தாண்டும் |
| கட்டும் செலவு | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் | மிக அதிகம் |
| ஓட்டும் செலவு | குறைவு | குளிரூட்டல், விசிறி | குளிரூட்டல், விசிறி | அதோடு நீண்ட எஸ்கலேட்டர்கள் |
| நீர்க்கசிவு | கூரை ஒழுகல் மட்டும் | மிகக் குறைவு | சுவர் இணைப்புகளில் | பாறை வெடிப்புகளில் |
| மறந்துபோகும் செலவு | படி இறங்கும் நிலம், நிழல் | நீண்ட மூடல் | காற்றுக் கோபுரம், மண் லாரி | வாசலுக்கான இடிப்பு |

## எந்த ஊருக்கு எது

கோவை அவிநாசி சாலை போன்ற அகலமான சாலைகளில் உயர்மட்டமே சரி. அங்கே முன்மொழிந்த திட்டமும் அதுதான். ஆனால் மேம்பாலத்தையும் மெட்ரோவையும் ஒரே சாலையில் தனித்தனியாகத் திட்டமிட்டால் இரண்டும் ஒன்றின் காலை ஒன்று மிதிக்கும். இரண்டு பாதைகள் ஒரே தூணில் போகும் ஏற்பாட்டுக்குச் சென்னையின் ஆழ்வார்திருநகர் – ஆலப்பாக்கம் இடையிலான இரட்டை அடுக்கைப் பார்க்கலாம். நிலம் மிச்சம், மேலடுக்கின் பயணிக்கு ஏற வேண்டிய உயரம் கூடுதல்.

மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய பழைய நகருக்குள் தூண் என்ற பேச்சே வேண்டாம். திட்டத்திலும் அந்தப் பகுதி பூமிக்கு அடியில்தான். ஆனால் மாசி வீதிகளின் அகலத்துக்குள் 22 மீட்டர் பெட்டி இறங்காது. ஒன்று, நிலையத்தை வீதியிலிருந்து விலக்கி ஏதாவதொரு திறந்த வெளிக்கு நகர்த்த வேண்டும். அல்லது பெட்டியைக் குறுக்கி ஆழமாக்க வேண்டும். நிலையம் இருநூறு முன்னூறு மீட்டர் தள்ளிப் போவதை ஏற்றுக்கொள்வதே நல்லது என்பது எங்கள் கருத்து. கூடுதல் நடை சில நிமிடம். ஆழம் கூடினால் அந்த நிமிடங்களை எஸ்கலேட்டரில் நின்று செலவழிக்கத்தான் போகிறோம்.

குறுக்கி ஆழமாக்கினால் என்னாகும் என்பதற்கு மயிலாப்பூரில் கட்டுமானத்தில் இருக்கும் திருமயிலை நிலையம் உதாரணம். இரண்டு வழித்தடங்கள் சந்திக்கும் இடம், பக்கத்தில் பறக்கும் ரயில், தெருக்களோ குறுகல். அதனால் சுரங்கங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுமார் 35 மீட்டர் ஆழத்துக்குப் போகிறார்கள். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் நிலையமும் இதே கட்டாயத்தில் பிறந்தது. 1999-இல் திறந்த அந்த ஆழ்பெட்டி ஏறத்தாழ 39 மீட்டர். எதிரே பிக் பென் கோபுரம் சாயாமலிருக்க, அதன் அடியில் குழாய்கள் செருகி, அசைவை அளந்து அளந்து சிமென்ட் குழம்பு செலுத்திக்கொண்டே தோண்டினார்கள். பழைய கோபுரம் அருகே ஆழமாகப் போகும் எந்த ஊரும் இந்தச் செலவைத் தொடக்க மதிப்பீட்டிலேயே எழுதி வைக்க வேண்டும்.

ஓ.எம்.ஆர். போன்ற புறநகர்ச் சாலைகளில் சுரங்கம் கேட்பதில் பொருளில்லை. அங்கே போராட வேண்டியது நடைபாதை மிஞ்சுமாறு படிகளைக் கட்டட வளாகத்துக்குள் இறக்கவும், சாலையின் இருபுறத்தையும் டிக்கெட் தளம் வழியாகக் கட்டணமின்றிக் கடக்கவும்தான்.

## கருத்துக் கேட்புக்குப் போகும்போது

முறை எதுவானாலும் சில தாள்களைக் கையில் வாங்காமல் வரக் கூடாது. நிலைய இடத்தின் மண்துளை அறிக்கை: பாறை எந்த ஆழத்தில், நீர்மட்டம் மழைக்காலத்தில் எங்கே. போக்குவரத்து மாற்றத்தின் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் மாதக் கணக்கு. குறிப்பாக, கூரை முடிந்து சாலை திரும்பும் மாதம். வாசலின் தரைமட்டம் 2015 வெள்ள மட்டத்துக்கு எவ்வளவு மேலே என்ற எண். மண் லாரி வழி. காற்றுக் கோபுரம் யார் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற வரைபடம்.

குழியை ஒட்டிய கட்டடம் உங்களுடையது என்றால், டி-வால் தொடங்கும் முன்பே சுவர் விரிசல்களை ஒவ்வொன்றாகப் புகைப்படம் எடுத்து, அகலம் குறித்து, இருதரப்பும் கையெழுத்திட்ட அறிக்கையின் நகல் வேண்டும். பழைய விரிசலா புதிய விரிசலா என்ற வழக்கில் வேறெந்தச் சான்றும் நிற்பதில்லை. விரிசல் அளவுமானியும் சாய்வுமானியும் பொருத்துவார்கள். அவற்றின் வாராந்திர அளவையும், எந்த அளவைத் தாண்டினால் வேலையை நிறுத்துவார்கள் என்ற எல்லையையும் எழுத்தில் கேளுங்கள்.